அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் இருக்கிற நண்டுக் கொம்பனியில், கடலைப் பார்த்த யன்னலோடு இருந்த ஒரேயொரு மேசையை றஜனிக்குக் கொடுத்திருந்தார்கள். ஆளைத் தெரியாமல் கொடுத்துவிட்டார்கள். கனவு காண்கிறவளைக் கொண்டுபோய்க் கடலுக்கு முன்னால் இருத்தினால் வேலை எப்படி நடக்கும் என்று யாரும் கேட்பார்கள். ஆனால் வேலை நடந்தது. நண்டு உடைக்கிற பெண்கள், தராசடியில் நிற்பவர்கள், ஐஸ் அறைக்காரர், லொறிக்காரர் என்று அங்கே சம்பளம் வாங்குகிற அத்தனை பேரின் விபரமும் அவளுடைய இரும்பு அலுமாரிக்குள்தான் இருந்தது. ஆளுக்கொரு மஞ்சள் கோப்பு. அதற்குள் பேர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், மருத்துவச் சான்றிதழ் எப்போது முடிகிறது, சேமலாப நிதிக்கு யாரைப் பேர் கொடுத்திருக்கிறார், அவசரம் என்றால் யாரை அழைப்பது என்ற விபரமெல்லாம் இருக்கும்.

இதெல்லாம் ஒருதரம் எழுதினால் முடிகிற வேலை என்று கொம்பனி முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார். முதலாளிமார் அப்படித்தான் நினைப்பார்கள். மனிதர்கள் கலியாணம் கட்டுவார்கள், பிரிவார்கள், வாடகை வீடு மாறுவார்கள், மலிவான பக்கேச் ஒன்று வந்தால் போன் நம்பரையே தூக்கி எறிவார்கள். கோப்பு மட்டும் அசையாமல் அலுமாரிக்குள் கிடக்கும். வேலைக்கு வந்த புதிதில் றஜனிக்கு இது பெரிய யோசனையாக இருந்தது. வெளியே இருக்கிற லூர்த்தம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். கோப்புக்குள் இருக்கிற லூர்த்தம்மா இன்னும் கலியாணம் கட்டாமல் தாயோடு பாசையூரில் இருக்கிறாள். இப்படி எத்தனை பேர். அலுமாரியைப் பூட்டிவிட்டுப் போன பிறகு, பழைய வயதோடும் பழைய விலாசத்தோடும் அவர்கள் எல்லோரும் உள்ளே ஒரு சின்ன ஊராகக் கூடி வாழ்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாள். வெளியே வந்து பார்த்தால் தங்களுடைய வீட்டில் வேறு யாரோ இருப்பதைக் கண்டு அவர்கள் திகைத்துப் போவார்களே என்று கவலைப்படவும் செய்வாள். அவர்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இன்றைய நாளுக்குக் கூட்டிவருவதுதான் தன்னுடைய வேலை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அவளை அதிகம் மினக்கெடுத்தியவர்கள் சண்டைக்குள் இடம்பெயர்ந்து வந்த மயிலிட்டி ஆட்கள்தான். நிரந்தர விலாசம் என்ற இடத்தில் அவர்கள் எல்லோரும் மயிலிட்டி என்றே எழுதினார்கள். முகாமில் பிறந்து, மயிலிட்டிக் கரையைப் பெரிய ஆளான பிறகே முதன்முதல் கண்ட பெடியன்களும் அப்படித்தான் எழுதினார்கள். அதைப் பிழை என்று சொல்ல றஜனிக்கு வாய் வரவில்லை. அந்தக் கோட்டுக்குக் கீழே பென்சிலால் தானே ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டாள்: நாளைக்கு விடிய வந்தால் எங்கே நிற்பீர்கள்? அதற்கு எல்லோரும் ஒளிக்காமல் பதில் எழுதினார்கள்.

போன் எடுக்கிற பழக்கம் பிறகுதான் வந்தது. ஜெயனி என்ற பிள்ளை ஒருநாள் நண்டு ஓடு கிழித்துக் கை வீங்கி மயங்கி விழுந்தாள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கோப்பில் இருந்த நம்பர் எப்போதோ செத்துப்போன நம்பர். பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் ஆட்கள் சோறும் சுடுதண்ணீர்ப் போத்தலுமாக வந்துபோக, அந்தப் பிள்ளை பின்னேரம் வரைக்கும் வாசலைப் பார்த்தபடி கிடந்தது. கடைசியில் யார் யாரோ சொல்லித் தாய் ஓடிவந்து, எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை என்று கேட்டபோது, றஜனிக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. என்னுடைய அலுமாரிக்குள் இருக்கிற ஒருவருக்கும் இனி இப்படி நடக்கக் கூடாது, கூப்பிட்டால் ஒவ்வொருவருக்கும் யாராவது ஒருத்தர் வரவேண்டும் என்று அன்றைக்கு அவள் முடிவெடுத்தாள்.

அதிலிருந்து காற்று மாறும்போதெல்லாம் அவள் ஒரு சுற்றுப் போன் எடுப்பாள். சோளகம் விழும்போது ஒரு சுற்று, வாடை விழும்போது ஒரு சுற்று. கரையோரத்துச் சனம் தொழிலுக்காகக் கரை மாறுகிற காலம் அதுதான் என்பதால் அந்தக் கணக்கு. நம்பர் வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்பது. அதில் ஒரு வில்லங்கமும் இருந்தது. நண்டுக் கொம்பனியில் இருந்து போன் என்றாலே வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். லூர்த்தம்மாவின் மாமியார் முதல்தரம் போனைக் கஞ்சிப் பானைக்குள் போட்டுவிட்டு ஒப்பாரியே தொடங்கிவிட்டா. அதனால் றஜனி, எதிர்ப்பக்கம் "ஹலோ" சொல்ல முன்னமே, மூச்சு விடாமல் சொல்லிமுடிக்கப் பழகிக்கொண்டாள்.

"ஒண்டுமில்லை, ஒரு பிரச்சினையும் இல்லை, உங்கடை ஆள் சுகமாய் வேலை செய்துகொண்டு நிக்கிறார், நம்பர் சரியோ எண்டு பாக்கத்தான் எடுத்தனான்."

கொம்பனியில் அவளுக்கு ஒண்டுமில்லை அக்கா என்று பட்டம் வைத்தார்கள். அவள் கோபிக்கவில்லை. அந்த அழைப்புகள் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தன. யன்னலுக்கு வெளியே கடல் வெயிலில் வெளிறிக் கிடக்கும். காதுக்குள் குடாநாடு முழுவதும் வந்துபோகும். ஒரு வீட்டில் கோழி கேறும், ஒரு வீட்டில் தேங்காய் திருவுகிற சத்தம், வல்வெட்டித்துறையில் ஒரு வீட்டில் எப்போது எடுத்தாலும் யாரோ மரத்தில் ஆணி அறைந்துகொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவரையும் அவள் கண்டதில்லை. ஆனாலும் அந்த வீடுகளின் முற்றம், கிணறு, வேலி எல்லாவற்றையும் அவள் கட்டிமுடித்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க மறந்து அவற்றுக்குள் நடந்துகொண்டிருப்பாள். அவளுடைய புருசன் ஜெரிசன் படகு மோட்டர் திருத்துகிறவன். சம்பளம் ஓரிடத்தில், சீவியம் ஊரெல்லாம் என்று அவளைப் பகிடி பண்ணுவான்.

அவளுக்கு மிகவும் பிடித்த வீடு கரவெட்டியில் இருந்தது. அது ஐஸ் அறையில் வேலை செய்கிற கிறகோரியின் தமையன் வீடு.

கிறகோரி ஐம்பதைத் தாண்டிய ஒற்றையாள். கேட்டால் ஒழிய வாய் திறக்கமாட்டார். வேலைக்குச் சேர்ந்த அன்று, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் செபநாயகம் என்று பேரும், அண்ணன் என்று உறவும், ஒரு நம்பரும் எழுதிக் கொடுத்திருந்தார். றஜனி அந்த நம்பருக்கு முதல்தரம் எடுத்தபோது ஒரு ஆறுதலான குரல் கேட்டது. அவள் தன்னுடைய பாட்டைப் பாடிமுடித்தாள். பிறகு, ஓம், நம்பர் வேலை செய்யுது என்று பதில் வந்தது. அவள் கோப்பில் சரி அடையாளம் போட்டாள்.

அடுத்தமுறை அந்தக் குரல் தன்பாட்டில் கதைத்தது. வெங்காயம் நட்டிருக்கிறாராம், மழை பிந்திவிட்டதாம், இறைக்கிற மோட்டர் சண்டித்தனம் பண்ணுதாம். பின்னால் எங்கோ கோயில் மணி கேட்டது. இடம் கரவெட்டி என்றார். குருநகர்க் கத்தோலிக்கக் கடற்றொழில் குடும்பத்து ஆள் ஒருவர் சைவத் தோட்டக்காரர் ஊரான கரவெட்டியில் என்னத்துக்கு வெங்காயம் நடுகிறார் என்று விபரக்காரி ஒருத்திக்கு அந்த இடத்திலேயே பொறிதட்டியிருக்க வேண்டும். றஜனிக்குத் தட்டியது பொறி இல்லை, கதை. தமையன்காரன் கரவெட்டிப் பெட்டை ஒன்றைக் காதலித்திருப்பார். கத்தோலிக்க வேதம் விட்டு, கடல் விட்டு, தோட்டத்துக்குப் போயிருப்பார். வீட்டில் பெரிய சண்டை நடந்திருக்கும். அதிலிருந்து தம்பியோடு பேச்சில்லை. ஆனாலும் ஒவ்வொருமுறையும் போனை வைக்க முன்னம் அந்தக் குரல் ஒரு கேள்வி கேட்கும்: "அந்தப் பெடியன் சுகமாய் இருக்கிறானோ?" அதைக் கேட்க றஜனிக்குக் கண் கலங்கும். ஐம்பது வயதுத் தம்பி இன்னும் பெடியன்தானாம், எவ்வளவு பாசம் என்று ஜெரிசனுக்கும் சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் மனம் பொறுக்காமல் கிறகோரியிடமே, உங்கடை அண்ணை உங்களைச் சுகம் கேட்டவர் என்று சொல்லிவிட்டாள். கிறகோரி அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஐஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சண்டை இன்னும் ஆறவில்லை என்று றஜனி தீர்மானித்தாள். ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தால் விசயம் வெளித்திருக்கும். கேட்டால் கட்டின வீடு விழுந்துவிடுமே, எப்படிக் கேட்பாள்?

இந்த வருசம் நிருஷன் என்ற இளம் மனேஜர் வந்தார். கெட்டிக்காரப் பெடியன், ஆனால் அவசரக் குடுக்கை. வெளிநாட்டில் நண்டு வாங்குகிறவர்கள் ஆட்களின் விபரத்தைப் பார்க்க வரப்போகிறார்கள், எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் ஏற்றுங்கோ என்று சொன்னார். ஒரு கட்டமும் வெறுமையாக இருக்கக்கூடாதாம். அழைக்க ஆளில்லாதவர்களுக்கு என்ன செய்வது என்று றஜனி கேட்டாள். இல்லை என்று அடியுங்கோ, கொம்பியூட்டர் ஏற்றுக்கொள்ளும் என்றார். ஒரு மனிதனுடைய பேருக்கு நேரே இல்லை என்று அடிக்க அவளுக்கு மனம் வராது. நல்லகாலம், என்ரை அலுமாரிக்குள்ளை அப்பிடி ஒருத்தரும் இல்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பெருமை ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை.

கிறகோரி ஐஸ் அறை வாசலில் வழுக்கி விழுந்தார். அவருக்கு மேலே ஐஸ் பெட்டிகள் சரிந்தன. கால் முறிந்த சத்தம் தராசடி வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வண்டியோடு போன ஆள் வாட்டையும் ஒப்பரேசன் விசயத்தையும் போனில் சொன்ன கையோடு றஜனி மஞ்சள் கோப்பை எடுத்தாள். மனதின் ஒரு மூலையில் நிம்மதி இருந்தது. இந்த நம்பர் உயிரோடு இருக்கிற நம்பர். ஜெயனிக்கு நடந்தது இவருக்கு நடக்காது.

"அண்ணை, நண்டுக் கொம்பனியிலை இருந்து றஜனி கதைக்கிறன்," என்றாள். பழகிய வசனம் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. "இண்டைக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லேலாமல் கிடக்கு. கிறகோரி அண்ணைக்குக் கால் முறிஞ்சு போச்சு. ஒப்பரேசன் செய்யவேணுமாம்."

எதிர்ப்பக்கம் தண்ணீர் இறைக்கிற மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"எந்த வாட்டு, பிள்ளை?" என்று அந்தக் குரல் கேட்டது.

றஜனி சொன்னாள். வாறன் என்று போன் வைக்கப்பட்டது.

ஆஸ்பத்திரியில் கிறகோரி வெள்ளைத் துணிக்குள் ஒடுங்கிக் கிடந்தார். ஒப்பரேசன் மறுநாள் காலை என்றார்கள். பக்கத்தில் நிற்க வீட்டு ஆள் ஒருவர் தேவை, யார் வருகிறார்கள் என்று தாதி கேட்டுவிட்டுப் போனாள். நல்ல செய்தி சொல்லுகிற சந்தோசத்தில் றஜனி கட்டிலோடு குனிந்து, பயப்படாதேங்கோ, உங்கடை அண்ணை வந்துகொண்டிருக்கிறார் என்றாள்.

கிறகோரி கண்ணை மூடினார். "அண்ணை கடலுக்குப் போய் வரேல்லை, தங்கச்சி," என்றார். "நான் உங்கடை கொம்பனிக்கு வாறதுக்கு முன்னமே. வள்ளமும் வரேல்லை, ஆளும் வரேல்லை."

றஜனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிறகோரி மெல்ல மெல்லச் சொன்னார். வேலைக்கு வந்த அன்று, ஒருவருடைய நம்பரும் எழுதாவிட்டால் எடுக்கமாட்டார்கள் என்று வாசலில் நின்ற யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது தமையனுடைய நம்பர் ஒன்றுதான். அதை எழுதினார். அது வேலை செய்யாத நம்பர், ஒருநாளும் ஒருத்தரும் எடுக்கப்போவதுமில்லை என்று நினைத்தார். அண்ணை சுகம் கேட்டவர் என்று அவள் சொன்ன அன்று பயந்தே போனாராம். பிறகு, இந்தப் பிள்ளை எப்போதும் கனவில் இருக்கிற பிள்ளைதானே என்று விட்டுவிட்டாராம்.

றஜனி வாட்டுக்கு வெளியே வந்து சுவரோடு சாய்ந்து நின்றாள். இத்தனை காலமும் யாரோடு கதைத்தேன்? வெங்காயத் தோட்டம், கோயில் மணி, கலியாணச் சண்டை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. பெருமையாகச் சொன்ன அலுமாரிக்குள் ஒரு மனிதன் ஆருமற்று இருந்திருக்கிறான். அவள் அவனுக்குப் பக்கத்தில் ஒரு தமையனை வரைந்து வைத்து ரசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. போனில் வாறன் என்று சொன்னவருக்கு இங்கே வர ஒரு நியாயமும் இல்லை. வரமாட்டார். கிறகோரியின் கட்டத்தில் இனி இல்லை என்றுதான் அடிக்கவேண்டும்.

பார்வையாளர்களை விடுகிற நேரம் வந்தது. சனம் கும்பலாக உள்ளே போயிற்று. கடைசியாக, நெற்றியில் திருநீறும் காலில் காய்ந்த செம்மண்ணும் கையில் தூக்குச்சட்டியுமாக ஒரு பெரியவர் வந்து, கட்டில்களைப் பார்த்துத் தயங்கி நின்றார். அவர் வாய் திறக்க முன்னமே றஜனிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. ஆனால் இந்தமுறை அவள் ஒன்றையும் தானாக நினைத்துக்கொள்ளவில்லை.

"நீங்கள் ஆர்?" என்று கேட்டாள்.

"நான் பஞ்சலிங்கம்," என்றார் அவர். "கரவெட்டி. உங்களோடை போனிலை கதைக்கிறது நான்தான்."

இருவரும் அங்கே கிடந்த மர வாங்கில் இருந்தார்கள். தான் நெல்லியடியில் புதிதாக ஒரு சிம் வாங்கியதாகவும், வாங்கிக் கொஞ்சநாளில் அவளுடைய முதல் அழைப்பு வந்ததாகவும் பஞ்சலிங்கம் சொன்னார். வேலை செய்யாமல் போன செபநாயகத்தின் நம்பரைத்தான் போன் கொம்பனி இவருக்குக் கொடுத்திருக்கிறது என்று றஜனிக்கு விளங்கியது. முதல்தரம் அவள் தன்னைக் கதைக்கவே விடவில்லை என்றார். நம்பர் வேலை செய்யுதோ என்று கேட்டாள், வேலை செய்தது, ஓம் என்றாராம். யோசித்துப் பார்க்கத்தான், யாரோ ஒரு ஆளுக்கு வேண்டியவர் என்று தன்னைப் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்று விளங்கியதாம்.

"அடுத்தமுறை சொல்லிப்போடுவம் எண்டுதான் இருந்தன்," என்றார். "பேந்து யோசிச்சன். நீங்கள் தேடுற ஆள் நான் இல்லையெண்டு சொல்ல, நீங்கள் என்ரை நம்பரை வெட்டிப்போடுவியள். அதுக்குப் பிறகு அந்தப் பெடியனுக்கு ஆர் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியாது. வீட்டிலை மனிசியிட்டைக் கேட்டன். கூப்பிடுற அண்டைக்குப் போனால் சரிதானே எண்டு சொன்னா."

"அவருக்கு ஐம்பது வயசு தாண்டிட்டுது, அண்ணை," என்றாள் றஜனி. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அது எனக்கெப்பிடித் தெரியும்? நண்டுக் கொம்பனி எண்டதும் சின்னப் பெடியன் ஒண்டாக்கும் எண்டு நினைச்சிட்டன்," என்றார் பஞ்சலிங்கம். இத்தனை காலமும் கனவு கண்டது தான் மட்டும் இல்லை என்று றஜனிக்கு அப்போதுதான் தெரிந்தது.

பஞ்சலிங்கம் உள்ளே போனார். அவர் யாரென்று றஜனி கட்டிலடியில் நின்று ஒளிக்காமல் சொன்னாள். தாதி வந்து, நீங்கள்தான் வீட்டு ஆளோ என்று கேட்டபோது, பஞ்சலிங்கம் கிறகோரியைப் பார்த்தார். கிறகோரி தலையை அசைத்தார். பஞ்சலிங்கம் கதிரையை இழுத்துக் கட்டிலோடு போட்டு இருந்தார்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. நிருஷனுக்கு நடந்ததெல்லாம் தெரிய வந்தது. பொய் விபரம் கோப்பில் இருக்கக்கூடாது, வாங்குகிறவர்கள் வரமுதல் திருத்துங்கோ என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. றஜனி புதுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகிற வழியெல்லாம் அந்தக் கட்டத்தைத்தான் நினைத்தாள். அந்த மனிதர் ஒரு தடவை வந்தார், பெரிய காரியம். அதற்காக ஒரு தோட்டக்காரரின் தலையில் இன்னொருவருடைய வாழ்நாளைக் கட்டிவிட முடியுமா? அதைக் கேட்கவும் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

வாட்டில் பஞ்சலிங்கம் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மரக்கறிச் சொதி. மீன் இல்லாத சொதியைக் கிறகோரி பேசாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். கடைசி வாய் முடிந்ததும் றஜனி படிவத்தை விரித்து, பழைய பேரை வெட்டவேணும் என்று மெல்லச் சொன்னாள்.

"வெட்டுங்கோ," என்றார் கிறகோரி. "அண்ணை இனி வரமாட்டார்." பிறகு பஞ்சலிங்கத்தின் பக்கம் திரும்பி, தான் இன்னும் அவருடைய முழுப் பேரைக் கேட்கவில்லை என்றார்.

பஞ்சலிங்கம் தகப்பன் பேரோடு சேர்த்துச் சொன்னார். விலாசத்தையும் கேட்காமலே சொன்னார். தோட்டத்தில் நின்றால் போன் கேட்காது, அதனால் மனிசியின் நம்பரையும் எழுதிவையுங்கோ என்றார். றஜனி ஒவ்வொன்றாக எழுதிவந்து உறவு என்ற இடத்தில் நின்றாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதிலை என்னெண்டு போட?" என்று கேட்டாள்.

பஞ்சலிங்கம் சட்டியை மூடிக்கொண்டு, தனக்கு அது தெரியாது, உண்மையை எழுதுங்கோ என்றார். கிறகோரி கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"கூப்பிட்டால் வருவார் எண்டு போடுங்கோ, தங்கச்சி," என்றார்.

றஜனி அப்படியே எழுதினாள்.